மிதவாதியைத் தொலைத்த தீவிரவாதி

2022 அக்டோபர் 23 அதிகாலை, கோவை உக்கடத்தில் கோட்டை ஈஸ்வரன் கோயிலுக்கு முன்னால் ஒரு கார் வெடித்தது. அதை ஓட்டி வந்த ஜமேசா முபின் இறந்துபோனார். மறுநாள் தீபாவளி. போனஸ் பணத்தோடு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த திருப்பூருக்கு முதலில் வந்து சேர்ந்த செய்தி, ‘சிலிண்டர் வெடித்தது’ என்பதுதான். பிறகு அது ‘சதி’ ஆயிற்று. உபா சட்டம் பாய்ந்து, வழக்கு என்.ஐ.ஏ. கைக்குப் போன அதே வாரத்தில் ‘தீவிரவாதி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயர் விழுந்த பிறகு யாரும் மேற்கொண்டு எதையும் விசாரிப்பதில்லை. பெயரையாவது விசாரிப்போம்.

தீவிரம் வடமொழியிலிருந்து வந்த சொல். கூர்மை, கடுமை, வேகம் எல்லாம் அதன் பொருள்கள். தமிழில் அதற்குச் சைவ சித்தாந்தத்தில் கௌரவமான இருக்கை உண்டு. உயிரில் திருவருள் பதிவதைச் சத்திநிபாதம் என்பார்கள். மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று அதற்கு நாலு படி. தீவிரதரத்துக்கு வந்தவனே ஞானத்துக்குப் பக்குவமானவன். மதத்தில் தீவிரமாக இருப்பது ஒரு காலத்தில் பாராட்டு. ‘வாதி’யோ கோர்ட்டில் வழக்குத் தொடுப்பவர், எதிரே பிரதிவாதி இருப்பார். தன் கட்சியை எடுத்துச் சொல்லி, எதிர்க்கட்சியையும் கேட்டாக வேண்டியவர். ஆக, இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் தீவிரவாதி என்பவர் காரசாரமாக வாதாடுகிறவர், அவ்வளவுதான். குண்டு வைக்கிறவன் வாதாடுவதே இல்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

அரசியலுக்குள் இந்தச் சொல் தனியாக வரவில்லை, ஜோடியாக வந்தது. 1907 டிசம்பரில் சூரத் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. கோகலே பக்கம் நின்றவர்கள் மிதவாதிகள், திலகர் பக்கம் நின்றவர்கள் தீவிரவாதிகள் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். வ.உ.சி.யும் பாரதியும் சூரத்துக்குப் போனவர்கள், திலகர் அணி. பாரதி தன் எழுத்தில் ‘புதிய கட்சி’, ‘நிதானக் கட்சி’ என்ற பெயர்களைப் புழங்கினார். கேட்க இதமான பெயர்கள், ஏனோ நிலைக்கவில்லை. ஆங்கிலப் பத்திரிகைகள் சூட்டிய பட்டத்தின் தமிழ்தான் நிலைத்தது. அந்தப் பட்டத்தைப் பற்றித் திலகரே 1907 ஜனவரியில் கல்கத்தாவில் பேசியிருக்கிறார். இந்த இரண்டு பெயர்களும் காலத்தைப் பொறுத்தவை, நேற்றைய தீவிரவாதியே இன்றைய மிதவாதி, இன்றைய தீவிரவாதி நாளைக்கு மிதவாதி ஆவான் என்பது அவர் கட்சி. அதாவது இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். வேகத்தில்தான் வித்தியாசம், விரோதியின் பெயராக அது அப்போது இல்லை.

1911 ஜூன் 17இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதன் இந்த ஜோடிக்குள் அடங்கவில்லை. அவர் சட்டைப்பையில் இருந்த கடிதத்தில் தேசமும் சனாதன தர்மமும் மிலேச்சர் வெறுப்பும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. இன்று அப்படி ஒரு கடிதம் கிடைத்தால் மாலைப் பதிப்பிலேயே தலைப்பு தயாராகிவிடும். நாம் அந்த ரயில் நிலையத்துக்கே வாஞ்சி மணியாச்சி என்று பெயர் வைத்தோம். அவரை இறக்கிப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. மதமும் தேசமும் துப்பாக்கியும் ஒன்றாகச் சேர்ந்தது ஏதோ நேற்று வெளியூரிலிருந்து இறக்குமதியானது என்று நினைப்பவர்கள் அந்தக் கடிதத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

திருப்பூர் தேர்ந்துகொண்ட தேசியம் வேறு வகை. 1932 ஜனவரி 10இல் தடையை மீறிக் கொடி பிடித்துப் போன ஊர்வலத்தில் போலீஸ் அடித்த அடியில் விழுந்து, மறுநாள் இறந்தவர் சென்னிமலையில் பிறந்த குமாரசாமி. அவர் யாரையும் அடிக்கவில்லை. ‘கொடி காத்த குமரன்’ என்று ஊர் அவருக்குக் கொடுத்த பெயரைக் கவனியுங்கள். அதில் சாதி இல்லை, மதம் இல்லை, கொள்கைப் பட்டம்கூட இல்லை. அவர் செய்த காரியம் மட்டுமே இருக்கிறது. ஆளுக்குப் பெயர் வைக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு மிதவாதி வழக்கொழிந்தார். ஜோடி போனதும் தீவிரவாதி வேறு துணை தேட ஆரம்பித்தார். எண்பதுகளில் தர்மபுரி, திருப்பத்தூர் பக்கம் ‘நக்சல் தீவிரவாதி’. அதே எண்பதுகளில் ஈழத்து இளைஞர்கள் இங்கே போராளிகள்; கடலுக்கு அந்தப் பக்கம் 1979இலேயே வந்துவிட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்படி பயங்கரவாதிகள். பயங்கரம் என்றால் பயத்தை உண்டாக்குவது. இந்தச் சொல்லின் ஐரோப்பியப் பாட்டன் கைக்குண்டோடு ஒளிந்து திரிந்தவன் அல்ல. 1793-94இல் கில்லட்டினை வைத்துப் பிரான்ஸை ஆண்ட அரசாங்கம். பாடப்புத்தகத்தில் அது ‘பயங்கர ஆட்சி’. அரசின் செயலைக் குறித்த பெயரை அரசுகள் சாமர்த்தியமாக அடுத்தவர் தலையில் கட்டிவிட்டன.

ஆனாலும் பயங்கரவாதம் என்ற சொல்லில் ஒரு நல்ல குணம் உண்டு. அது ஒருவருடைய நம்பிக்கையின் சூட்டை அளப்பதில்லை, அவர் செய்த காரியத்தை அளக்கிறது. அளக்கக் கோர்ட்டும் இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கு தடா சட்டத்தில் நடந்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் கொலைக் குற்றத்தை உறுதி செய்தது. தடா சொல்லும் பயங்கரவாதச் செயல் இது அல்ல என்று அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டது. சொல்லுக்கு வரம்பு இருந்ததால்தான் நீதிபதிகளால் அப்படி நிறுத்திப் பார்க்க முடிந்தது. தீவிரவாதத்துக்கு அப்படி வரம்பு கிடையாது. அதை எவர் மீதும் ஒட்டலாம்.

ஒட்டியது 1998இல். அதற்கு முன்கதை உண்டு. 1997 நவம்பர் 29இல் கோவையில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். அடுத்த சில நாள் கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டார்கள். 1998 பிப்ரவரி 14இல் அத்வானி பேச வரவிருந்த மாலையில் தொடர்ந்து குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்கள். சந்தைக்கும் கடைக்கும் வந்த சாதாரண சனம். இதன் பின்னணியில் இருந்த அல்-உம்மா இயக்கம் தடை செய்யப்பட்டது. இந்தப் படுகொலைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் அன்றைக்குக் காலியாக இருந்த மிதவாதியின் இடத்தில் ‘முஸ்லிம்’ என்ற சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அந்த வழக்கில் கைதான அப்துல் நாசர் மதானி 2007இல் நிரபராதி என்று விடுதலையானபோது ஒன்பது வருடச் சிறைவாசம் முடிந்திருந்தது.

அடைமொழியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. 2010இல் ப. சிதம்பரம் ‘காவித் தீவிரவாதம்’ பற்றிப் பேசினார். 2019 மே மாதம் கமல்ஹாசன் அரவக்குறிச்சி இடைத்தேர்தலுக்காகப் பள்ளப்பட்டியில் பேசும்போது, கோட்சேயைச் சுதந்திர இந்தியாவின் முதல் தீவிரவாதி என்றார். அவர் ஒரு இந்து என்றும் சேர்த்துச் சொன்னார். வழக்கு, முன்ஜாமீன், செருப்பு வீச்சு எல்லாம் நடந்தன. கொங்கு மண்டலத்து டீக்கடைகளில் இலவச இலக்கண வகுப்பே நடந்தது. தீவிரவாதி என்றுதான் சொன்னேன், பயங்கரவாதி என்றோ கொலைகாரன் என்றோ சொல்லவில்லை என்று அவர் விளக்கம் கொடுத்தார். அகராதிப்படி அவர் சொன்னது சரி. தெருவில் செல்லுபடியாகவில்லை. காந்தியைச் சுட்டவனைக் கொலைகாரன் என்று சொல்வதற்கு என்ன தயக்கம் என்பது என் கேள்வி.

திருப்பூருக்கு இது வெறும் சொல் விவகாரம் இல்லை. வெளியூர் ஆள் இல்லாமல் இங்கே ஒரு மிஷினும் ஓடாது. ஊரின் முதல் பனியன் கம்பெனி குலாம் காதர் தொடங்கியது என்பது இங்கே பழையவர்கள் எல்லோரும் சொல்லும் கதை. காதர்பேட்டையில் பண்டல் பிரித்துக்கொண்டிருக்கும் கடைக்காரரை நாம் ‘பாய்’ என்கிறோம், அவர் முஸ்லிம் என்பதால். அங்கேயே மூட்டை தூக்கும் பீகார்க்காரர் எல்லோரையும் ‘பாய்’ என்கிறார், அண்ணன் என்ற பொருளில். இரண்டு பாயும் ஒரே சொல்தான்.

2016இல் மேற்கு வங்கத்தில் ஐ.எஸ். தொடர்பு என்று பிடிபட்டவர் திருப்பூரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். 2025 ஜனவரியில் பல்லடம் பக்கம் போலி ஆவணங்களோடு வங்கதேசத்தவர் பலர் பிடிபட்டார்கள். போலீஸ் விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் லைன் வீட்டு வாசலில் நடப்பது விசாரணை அல்ல. “எந்த ஊரு கண்ணு?” என்ற கேள்விக்கு மால்டா என்றோ முர்ஷிதாபாத் என்றோ பதில் வந்தால் ‘பெங்காலி’. பெயர் ஷேக் என்று இருந்துவிட்டால் ‘பங்களாதேஷி’. அடுத்த தெருவுக்குப் போவதற்குள் ‘தீவிரவாதி’. இந்திய ஓட்டர் அட்டையைப் பையில் வைத்திருக்கும் ஓவர்லாக் டைலர் மூன்று வாக்கியத்தில் நாடு மாறி, தொழில் மாறிப் போகிறார். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, பீகார் அரசே குழு அனுப்பித் திருப்பூரில் விசாரித்த சமயம், அதே விளையாட்டில் ‘தமிழன்’ என்ற சொல் அடி வாங்கியது. பெயர் ஒட்டும் வேலை யாரையும் விட்டுவைக்காது.

செய்தி எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். குண்டு வைத்தவரைக் குண்டு வைத்தவர் என்றே எழுதுங்கள். குற்றப்பத்திரிகை பயங்கரவாதம் என்று சொன்னால் அப்படியே போடுங்கள், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்றும் சேர்த்து. தீவிரவாதியைச் சூரத் காங்கிரஸ் பாடத்துக்கே திருப்பி அனுப்பிவிடலாம். கைதானவர் விடுதலையானால், கைதான செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அந்தச் செய்தியையும் போடுங்கள்.