கொடைக்கானல் பாதரச மாசும் மரப்பாசிகளும்

கொடைக்கானல் பாதரச மாசு என்பது, திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானலில் இயங்கிவந்த வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து பாதரசம் காற்றிலும் மண்ணிலும் நீரிலும் கலந்ததைக் குறிக்கும். இந்த மாசைக் கண்டறிய உதவியவற்றுள் மரப்பட்டைகளில் ஒட்டி வளரும் லைக்கன்களும் அடங்கும்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில் மூடப்பட்ட ஆலையின் இயந்திரங்களைக் கொண்டு, 1983இல் பாண்ட்ஸ் நிறுவனம் இத்தொழிற்சாலையைத் தொடங்கியது. 1998இல் இது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசம் வந்தது. ஆலை அமைந்த மேட்டுக்குக் கீழே பாம்பார் சோலைக்காடு உள்ளது. அங்கு விழும் மழைநீர் வைகைப் படுகையைச் சேர்கிறது. பாதரச ஆலைக்கு இதைவிடப் பொருத்தமற்ற இடம் கிடைப்பது அரிது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள பழைய இரும்புக் கடையொன்றில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிகள் குவிந்து கிடப்பதை ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிப்படுத்தினர். அதே மாதம் ஆலை மூடப்பட்டது.

பாதரசம் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும் உலோகம். ஆவி கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை. அது எங்கெல்லாம் சென்றது என்பதை அறிய, ஐதராபாத்திலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வகத்தினர் லைக்கன்களையும் மாஸ்களையும் சேகரித்து ஆராய்ந்தனர். 2003இல் வெளிவந்த அவர்களது ஆய்வு, ஆலையிலிருந்து பாதரசம் காற்றின்வழி பரவியதைக் காட்டியது. பின்னர் கொடைக்கானல் ஏரியின் நீர், சேறு, மீன் ஆகியவற்றையும் அவர்கள் ஆராய்ந்தனர்.

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் கூட்டுயிரி. செட்டிநாட்டுச் சமையலில் வாசனைக்குச் சேர்க்கும் கல்பாசியும் லைக்கனே. இதற்கு வேர் இல்லை. இலைகளில் உள்ளது போன்ற மெழுகுப் பூச்சும் இல்லை. ஈரத்தையும் தூசியையும் உடல் முழுவதாலும் உறிஞ்சுகிறது. மிக மெதுவாக, பல ஆண்டுகள் வளர்வதால் உள்ளே சென்ற உலோகம் சேர்ந்துகொண்டே போகும். காற்று மாசுக்கும் லைக்கனுக்கும் உள்ள தொடர்பை, 1866இலேயே பாரிசின் லக்சம்பர்க் பூங்காவில் நைலாண்டர் என்ற அறிஞர் கவனித்து எழுதியிருந்தார்.

காட்டுக் காளான் இதே வேலையை மண்ணில் செய்கிறது. நாம் பறிக்கும் குடை அதன் ஒரு சிறு பகுதியே. மண்ணுக்குள் பரவிய மெல்லிய பூஞ்சையிழைகளே அதன் உண்மையான உடல். இவ்விழைகள் அமிலங்களைச் சுரந்து மண்ணிலுள்ள தாதுக்களைக் கரைத்து உறிஞ்சும்போது பாதரசம், காட்மியம் போன்றவையும் உடன் செல்கின்றன. கந்தகம் மிகுந்த புரதங்கள் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சில இனங்களில் உலோக அளவு, அவை முளைத்த மண்ணில் உள்ளதைவிடப் பல மடங்கு உயர்ந்துவிடும். காளானுக்கு இதனால் கேடு தோன்றுவதில்லை, உண்பவருக்கே ஆபத்து. கழுவினாலும் வேகவைத்தாலும் பாதரசம் சிதைவதில்லை. 1986இல் நிகழ்ந்த செர்னோபில் விபத்துக்குப் பின் தென் ஜெர்மனிக் காடுகளின் காளான்களில் கதிரியக்க சீசியம் பல பத்தாண்டுகள் நீடித்ததும் இத்தகைய உறிஞ்சலால்தான்.

2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு, மறுசுழற்சிக்காகத் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கு அனுப்பப்பட்டது. நெடிய வழக்குக்குப் பின், முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் 2016 மார்ச்சில் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. ஆலை வளாகத்து மண்ணைத் தூய்மை செய்த பிறகு ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் எஞ்சியிருக்கலாம் என்ற அளவுகோலைச் சூழலியலாளர்கள் ஏற்கவில்லை. குடியிருப்புக்கு ஏற்ற அளவுகோல் சோலைக்காட்டுக்குப் பொருந்தாது என்பது அவர்கள் வாதம்.