கீரைப் பாட்டின் மேல் விழுந்த கொலைப் பழி

ஒரு பாடலின் அரசியல் பொருளை அதன் வரிகளில் தேடுவதா, அதைப் பாடியவர்களிடம் தேடுவதா, அதைக் கேட்டு அஞ்சிய ஆட்சியாளர்களிடம் தேடுவதா? இந்தக் கேள்விக்கு இந்தோனீசியாவின் 'கெஞ்ஜெர் கெஞ்ஜெர்' பாடலை விடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கெஞ்ஜெர் என்பது வயலோரச் சேற்றில் தானாக முளைக்கும் ஒரு கீரை. 1942-ல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்தனர். நெல் படைக்குப் போனது. ஆண்கள் கட்டாய வேலைக்குப் போனார்கள். மலாயாவில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த கதையைத் தாத்தா பாட்டியிடம் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அங்கே கேட்பாரற்றுக் கிடந்த கெஞ்ஜெர், சோற்றுக்குத் துணையானது.

கிழக்கு ஜாவாவின் பாஞுவாங்கி ஊர்க் கலைஞர் முகம்மது அரிஃப், சிறுவர் பாட்டு மெட்டு ஒன்றை எடுத்து, அவ்வட்டாரப் பேச்சுமொழியில் இந்தப் பாடலைக் கட்டினார். பாட்டில் என்ன இருக்கிறது? ஒரு தாய் வந்து கீரை பறிக்கிறாள். கீரை கட்டுகளாகிச் சந்தைக்கு வருகிறது. ஒருத்தி வாங்கிச் சமைக்கிறாள், சோற்றோடு உண்கிறார்கள். அவ்வளவுதான். போர் என்ற சொல்லும் இல்லை, அரசு என்ற சொல்லும் இல்லை. ஆனால் கீரையே உணவாகிவிட்டது என்று பாடுவது, சோறு எங்கே போயிற்று என்று கேட்பதும் ஆகும். அந்த வகையில் இது முதல் நாளிலிருந்தே அரசியல் பாட்டுதான்.

1960-களில் பிங் ஸ்லாமெட், லிலிஸ் சுர்யானி போன்ற புகழ்பெற்ற பாடகர்கள் பாட, நாடு முழுவதும் பரவியது. கம்யூனிஸ்ட் கட்சியும் தன் கூட்டங்களில் அதைப் பாடியது. அரிஃப்பும் கட்சிக்கு நெருக்கமான லெக்ரா பண்பாட்டு அமைப்பில் இருந்தவர். ஏழையின் பசியைப் பேசும் பாட்டை அந்தக் கட்சி விரும்பியதில் வியப்பென்ன? இதுவரை பாட்டின் பொருள் திரிந்துவிடவில்லை.

திரிந்தது 1965-ல். அக்டோபர் 1 அதிகாலை ராணுவத் தளபதிகள் அறுவரும் ஒரு லெப்டினண்டும் கொல்லப்பட்டு, ஜகார்த்தாவின் லுபாங் புவாயாவில் பாழுங்கிணற்றில் வீசப்பட்டனர். பழி கம்யூனிஸ்ட் கட்சி மேல் விழுந்தது. கெர்வானி என்ற மாதர் அமைப்பினர் இந்தப் பாட்டைப் பாடி ஆடியபடியே தளபதிகளின் உடல்களைச் சிதைத்தார்கள் என்ற கதை பரப்பப்பட்டது. கீரை இருந்த இடத்தில் தளபதிகளை வைத்து மாற்றிய வரிகளும் உலவின.

உண்மை என்ன? சுஹார்த்தோவின் உத்தரவின் பேரில் மருத்துவர்கள் அப்போதே பிணப் பரிசோதனை செய்திருந்தனர். கண் தோண்டியதற்கோ உறுப்பு அறுத்ததற்கோ அதில் தடயமே இல்லை. அந்த அறிக்கையை ஆய்வாளர் பெனடிக்ட் ஆண்டர்சன் வெளியிட்டபோது ஆண்டு 1987. அதற்குள் ஐந்து லட்சம் பேருக்குக் குறையாமல் கொல்லப்பட்டு இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. பாட்டு பிறந்த பாஞுவாங்கியும் அந்தக் கொலைக்களங்களில் ஒன்று.

பசிக்கும் வறுமைக்கும் பாட்டில் வரி உண்டு. கொலைக்கு ஒரு வரிகூட இல்லை. இருந்தும் நிலைத்தது அந்தப் பொருள்தான். ஏனெனில் வானொலியும் பத்திரிகையும் அதைச் சொன்னவர்களின் கையில் இருந்தன. 1984-ல் அரசு எடுத்த திரைப்படம் அதே காட்சியைக் கண்முன் காட்டியது. ஆண்டுதோறும் செப்டம்பர் 30-ல் தொலைக்காட்சியில் அது ஒளிபரப்பானது. பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பேய்ப் பாட்டாகவே அறிந்து வளர்ந்தார்கள். படிப்பறிவு இல்லாத பாட்டிமார்கூட, கீரை பறிக்கும்போது அதை வாய்விட்டு முணுமுணுக்கப் பயந்திருப்பார்கள்!

1998-ல் சுஹார்த்தோ பதவி விலகிய பிறகு, ஆண்டுதோறும் நடந்த அந்த ஒளிபரப்பு நின்றது. பாட்டைச் சிலர் மறுபடியும் மேடையேற்றினார்கள், எதிர்ப்பும் கிளம்பியது. 1965-க்குப் பிந்தைய கைதுகளில் பிடித்துச் செல்லப்பட்ட முகம்மது அரிஃப் வீடு திரும்பவேயில்லை.