வாய் வைத்த இடம்

கல்யாண ஊர்வலம் முடிந்து பேண்டு செட்காரர்கள் டீக்கடையில் வந்து உட்காருவதைக் கவனித்திருக்கிறேன். டிரம்பெட்டை பெஞ்சின் மேல் அப்படியே கிடத்திவிட்டு, மவுத்பீஸை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். குழலை யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம். மவுத்பீஸில் இன்னொரு வாய் படக்கூடாது. நாகஸ்வரக்காரருக்குச் சீவாளி எப்படியோ அப்படி.

காரணம் உண்டு. டிரம்பெட்டில் அதிர்வது பித்தளை அல்ல, உதடு. குழல் அந்த அதிர்வில் தனக்குப் பிடித்த சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கி அனுப்புகிறது. உதடும் உலோகமும் கைகுலுக்கும் இடம்தான் மவுத்பீஸ். அதன் விளிம்பு அரை மில்லிமீட்டர் மாறினால்கூட நல்ல வாசிப்பாளர் தடுமாறிப்போவார். புதிதாக டிரம்பெட் வாங்குகிறவர்கள் வெள்ளி முலாமா, அரக்குப் பூச்சா என்று கடையில் மணிக்கணக்கில் நிற்பார்கள். குழலின் உள்வடிவமும் மவுத்பீஸும் செய்கிற வேலைக்கு முன்னால் அந்த முலாம் செய்கிற வேலை மிகச் சிறியது.

எனக்குத் தெரிந்து உலகில் மிக அதிகமாகப் பேசப்பட்ட இரண்டு டிரம்பெட்டுகளில் மவுத்பீஸ் என்ற ஒன்றே கிடையாது. ஒன்று வெள்ளி, மற்றது செம்புக் கலவை. இரண்டும் கி.மு. 14ஆம் நூற்றாண்டில், ஏறத்தாழ பதினெட்டு, பத்தொன்பது வயதில் இறந்துபோன எகிப்திய அரசன் துட்டன்காமனோடு மண்ணுக்குள் போனவை.

பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஹாவர்ட் கார்ட்டர் அந்த அரசனின் கல்லறையின் முதல் படியை 1922 நவம்பரில் கண்டுபிடித்தார். செம்பு டிரம்பெட் முன்னறையில் ஒரு நீண்ட பெட்டிக்குள் இருந்தது. வெள்ளி டிரம்பெட் அடக்க அறையின் மூலையில், ஒரு விளக்கின் அடியில், நாணலில் சுற்றிக் கிடந்தது. கறுத்திருந்தாலும் இப்போது ஊதினால்கூட இந்தப் பள்ளத்தாக்கை நிறைத்துவிடும் என்ற பொருளில் கார்ட்டர் எழுதிவைத்தார். அதன் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஆசையே விதை என்று எனக்குத் தோன்றும்.

கருவிகளைப் பார்ப்போம். வெள்ளி டிரம்பெட் ஏறத்தாழ 58 சென்டிமீட்டர், செம்பு 50 சென்டிமீட்டர். நம் முழங்கையிலிருந்து விரல் நுனி வரையுள்ள நீளத்தைவிடச் சற்றுக் கூடுதல். தகட்டை அடித்து, சுருட்டி, பற்றவைத்த நேர்க்குழல். முனையில் விரிந்த வாய். வளைவு இல்லை, வால்வு இல்லை. ஊதும் முனையில் குழலைச் சுற்றி ஒரு வளையம், அவ்வளவே. நம் கோயில்களில் ஊதும் எக்காளத்தையும் திருச்சின்னத்தையும் பார்த்தவர்களுக்கு இந்த உருவம் அந்நியமாக இராது. தமிழ் விவிலியத்தில் மோசே செய்துகொள்ளும் இரண்டு வெள்ளிக் குழல்களுக்குப் ‘பூரிகை’ என்ற அழகான சொல்லை வைத்தார்கள். அந்தச் சொல்லை இவற்றுக்கும் தாராளமாகத் தரலாம்.

குழலின் விரிந்த வாயில் பொறித்திருக்கும் தெய்வங்கள் அமுன், ரே-ஹொராக்தி, ப்தா. கோயில் அலங்காரம் என்று கடந்துவிட வேண்டாம். பின்னாளில் இரண்டாம் ராம்சேஸ் என்ற அரசன் காதேஷ் போருக்குப் போனபோது அவனுடைய படைப்பிரிவுகள் அமுன், ரே, ப்தா, சேத் என்ற பெயர்களோடுதான் நடந்தன. ஆக, இவை சேனைக்கான கருவிகள். கச்சேரிக்கு அல்ல, கட்டளைக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு டிரம்பெட்டுக்கும் உள்ளே கச்சிதமாகச் செருகிக்கொள்ள, தாமரைப் பூப்போல வண்ணம் தீட்டிய மரக்கட்டை ஒன்று இருந்தது. தகடு மெல்லியது, ஒட்டகம் இல்லாத காலத்துப் படை, கழுதை முதுகிலும் தேரிலும் மூட்டை முடிச்சோடு போகும். இடிபட்டால் குழல் நசுங்கும், நசுங்கினால் சுருதி போகும். ஊதாத நேரமெல்லாம் கட்டை உள்ளே இருந்து காக்கும். எகிப்தியச் சிற்பங்களில் குழல் ஊதும் வீரன் அக்குளில் இடுக்கியிருக்கும் பொருள் இந்தக் கட்டைதான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். இன்றைக்கு டிரம்பெட் வைத்திருப்பவர் செய்யும் பராமரிப்பெல்லாம் இதே கவலையின் நீட்சி: விரிந்த வாய் நசுங்காத பெட்டி, உள்ளே தேங்கும் எச்சில் ஈரத்தை வெளியேற்றும் சின்னச் சாவி, வால்வுக்கு எண்ணெய், மாதத்துக்கொருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல். ஈரத்தை உள்ளேயே விட்டால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து, குழாய் சிவந்த புள்ளிகளாக அழுகும். எகிப்தியனுக்கு வால்வும் இல்லை, துத்தநாகமும் இல்லை. அவனுக்கு நசுங்காமல் இருந்தால் போதும். அதற்கு அவன் கண்டுபிடித்த கட்டைக்குப் பூவின் உருவம் கொடுக்கவும் அவனுக்கு நேரம் இருந்திருக்கிறது.

இந்தக் குழல்கள் மண்ணுக்குள் இருந்தபோதே, எகிப்திய டிரம்பெட் எப்படி ஒலிக்கும் என்று ஐரோப்பா முடிவு செய்துவிட்டது. 1871 டிசம்பர் 24 அன்று கெய்ரோவில், பண்டைய எகிப்தைக் களமாகக் கொண்ட வெர்டியின் ‘ஐடா’ இசைநாடகம் அரங்கேறியது. வெற்றி ஊர்வலக் காட்சிக்காகவே வெர்டி நீண்ட நேர்க்குழல் டிரம்பெட்டுகளைச் செய்யச் சொன்னார். பார்வைக்குப் பழமை, ஆனால் ஒரு வால்வு உண்டு, கம்பீரமான மெட்டு உண்டு. அந்த நாடகத்தின் கதைக்கரு, கெய்ரோ அருங்காட்சியகத்தைத் தொடங்கிய ஓகுஸ்த் மரியெத் கொடுத்தது. அறுபத்தேழு ஆண்டு கழித்து அதே அருங்காட்சியகத்தின் கூரைக்கடியில் உண்மையான குழல் ஒலித்தபோது, உலகத்தின் காதில் ஏற்கெனவே ஐடா உட்கார்ந்திருந்தது.

1939 ஏப்ரல் 16, ஞாயிற்றுக்கிழமை. அந்தக் குழல்களை ஊதிக் காட்டும் வானொலி நிகழ்ச்சியை பி.பி.சி.க்காக நடத்தியவர் ரெக்ஸ் கீட்டிங். ஊதியவர் பிரிட்டிஷ் ராணுவத்தின் 11ஆம் ஹுஸ்ஸார் படைப்பிரிவின் பேண்டுக்காரர் ஜேம்ஸ் டாப்பர்ன். ஒலிபரப்புக்குச் சில நிமிடம் முன்பு விளக்குகள் அணைந்துவிட்டன என்றும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சமாளித்தோம் என்றும் கீட்டிங் பின்னாளில் சொன்னார். அதற்கு முன்னால் நடந்ததுதான் கொடுமை. நவீன மவுத்பீஸைச் செருகிச் சோதித்தபோது வெள்ளிக் குழல் உடைந்தது. பல நூற்றாண்டு புதைந்திருந்த வெள்ளி, பார்க்க உலோகமாக இருந்தாலும் உள்ளுக்குள் அப்பளம்போல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கல்லறைப் பொருள்களைப் பாதுகாத்த வேதியியலாளர் ஆல்ஃபிரட் லூக்காஸ் தம் கையால் அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. மூவாயிரத்துச் சொச்சம் ஆண்டு ஒரு கீறலும் விழாமல் காத்த மரக்கட்டைக்கு முன்னால், இருபதாம் நூற்றாண்டின் அறிவு ஒரு மத்தியானத்தில் தோற்றது.

ஒலிபரப்பு நடந்தது. பதிவு இன்றும் கிடைக்கிறது, கைபேசியிலேயே கேட்கலாம். முதல் முறை கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கரகரப்பான, கொஞ்சம் தொண்டை கட்டிய குரல்; ஆனால் ஸ்வரங்கள் ஏறி இறங்குகின்றன, ஒரு ராணுவ முழக்கம் உருவாகிறது. பார்வோனின் படை எழுந்து நிற்பதுபோல இருக்கும்.

நான்காம் ஐந்தாம் முறை கேட்கும்போது சந்தேகம் வந்தது. அப்புறம்தான் ஜெரமி மாண்டகு எழுதியதைத் தெரிந்துகொண்டேன். பழங்கருவிகளின் வரலாற்றில் ஊறியவர் அவர். இரண்டில் ஒரு டிரம்பெட்டை ஆராய்ந்து 1970களில் எழுதினார். மவுத்பீஸைச் செருகாமல், அந்த வளையத்திலேயே உதட்டை வைத்தால் நடப்பது வேறு. கீழ் ஸ்வரம் பலவீனமாக, உதவாததாக வரும். அதற்கு மேலுள்ள ஒன்று மட்டும் கணீரென்று நிற்கும். அடுத்ததை எட்ட வேண்டுமென்றால் உதட்டைக் குழலோடு நசுக்கி அழுத்த வேண்டும். போர்க்களத்தில் ஒருவன் நாள் முழுக்கச் செய்யக்கூடியதல்ல. ஆகவே துட்டன்காமனின் வீரர்கள் கேட்டது அநேகமாக ஒற்றை ஸ்வரம். விட்டு விட்டு, குறிலும் நெடிலுமாக, தாளத்தாலேயே ‘முன்னேறு’, ‘நில்’ என்று சொல்லும் குறியீடு. மெட்டு டாப்பர்னுடையது. மவுத்பீஸ் அவருடைய காலத்துடையது. 1939இல் பேசியது ஹுஸ்ஸார் பேண்டின் உதடு; பார்வோனின் குழல் அதற்கு ஒலிபெருக்கியாக இருந்தது.

உண்மைக் குரல் அவ்வளவு இனிமையாக இருந்திருக்காது என்பதற்குப் பழைய சாட்சியும் உண்டு. எகிப்தின் புசிரிஸ் ஊர்க்காரர்கள் டிரம்பெட்டையே தொடமாட்டார்கள், அது கழுதை கத்துவதுபோல இருக்கிறதாம் என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கழுதை அவர்களுக்குத் தீய தெய்வத்தின் விலங்கு. ஐடாவைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் செய்தி ருசிக்காது.

ஒலிபரப்பாகி ஐந்து மாதத்துக்குள் இரண்டாம் உலகப்போர் வந்தது. விடுவார்களா? ஊதினால் போர் வரும் என்று கதை கட்டிவிட்டார்கள். 1967 போருக்கு முன்பும் யாரோ ஊதினார்களாம், வளைகுடாப் போருக்கு முன்பும் ஊதினார்களாம், 2011 எகிப்தியப் புரட்சிக்குச் சில நாள் முன்பும் ஊதினார்களாம். யாரும் ஊதாத ஆண்டுகளில் நடந்த போர்களுக்கு எந்தக் குழலைக் குற்றம் சொல்வது என்று இந்தக் கதைக்காரர்கள் சொல்வதில்லை.

ஆனால் 2011 அந்தச் செம்புக் குழலுக்கு உண்மையிலேயே பொல்லாத ஆண்டு. ஜனவரி 28 இரவு, தஹ்ரீர் சதுக்கம் கொதித்துக்கொண்டிருந்தபோது அருங்காட்சியகத்துக்குள் புகுந்தவர்கள் எடுத்துச்சென்றவற்றில் அதுவும் ஒன்று. இரண்டரை மாதம் தகவல் இல்லை. ஏப்ரலில் கெய்ரோ மெட்ரோவில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு கறுப்புப் பையிலிருந்து வேறு மூன்று பொருள்களோடு திரும்பி வந்தது. பையைக் கண்டெடுத்தவர் தொல்பொருள் அமைச்சகத்திலேயே வேலை பார்ப்பவர் என்பதில் தற்செயல் கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிகிறது. போகட்டும். கூடவே களவுபோன துட்டன்காமனின் பொன் பூசிய மரச்சிலை சேதப்பட்டிருந்தது. டிரம்பெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மெட்ரோ கூட்டத்தில் இடிபட்டும் நசுங்காமல் வந்திருக்கிறது.

ஒட்டுப்போட்ட வெள்ளிக் குழலோ ஊர் சுற்றியது. லாஸ் ஏஞ்சலிஸ், பாரிஸ், 2019 கடைசியில் லண்டன் என்று கண்காட்சிகளில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. இப்போது துட்டன்காமனின் உடைமைகளெல்லாம் கீசா பிரமிடுகளுக்குப் பக்கத்திலுள்ள புதிய பெரிய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. இனி யாரும் இவற்றை ஊதப்போவதில்லை, ஊதவும் கூடாது. ஆனாலும் அந்த 1939 பதிவை நான் அடிக்கடி கேட்கிறேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

போன மாதம் அதே டீக்கடையில், எங்கள் தெருக் கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு வந்த டிரம்பெட்காரரிடம் கைபேசியைக் கொடுத்தேன். எந்த நாட்டுக் குழல் என்று சொல்லவில்லை. காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார்.

“இது மவுத்பீஸ் மாட்டி வாசிச்சது சார்.”

கதையைச் சொன்னேன். வளையம் மட்டும் இருந்தது என்றதும் டீ டம்ளரைக் கீழே வைத்தார். பெஞ்சில் கிடந்த டிரம்பெட்டை எடுத்து, மவுத்பீஸ் இல்லாத வெறும் குழாயின் ஓட்டையில் உதட்டைப் பொருத்தினார். முதலில் காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவையும் காற்றுதான். கன்னம் சிவக்க மூன்றாவது முறை ஊதியபோது, தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல ஒரே ஒரு ஸ்வரம் எழுந்தது. எதிர்ச்சாரியில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது. அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு வாட்டி பாக்கலாம் சார்” என்றார்.