டார்லிங்டன்

வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹம் வட்டாரத்தில், டீஸ் ஆற்றில் கலக்கும் ஸ்கெர்ன் ஆற்றங்கரையில் உள்ள சந்தை நகரம். உலகின் முதல் நீராவிப் பொது ரயில்பாதையால் பெயர்பெற்றது. ஆயினும் ரயில் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கு வணிகம் வேரூன்றியிருந்தது.

இடைக்காலத்தில் ஊர் டர்ஹம் பிஷப்புகளின் ஆளுகையில் இருந்தது. சந்தைத் திடலின் ஓரம் நிற்கும் செயின்ட் கத்பர்ட் தேவாலயத்தை 12ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியவர் பிஷப் ஹியூ டு பூயிசே. லண்டனையும் எடின்பரோவையும் இணைத்த பெரு வடக்குச் சாலை ஊர் வழியாகச் சென்றது. கம்பளி, லினன், தோல் தொழில்கள் வளர்ந்தன.

18ஆம் நூற்றாண்டில் குவேக்கர் சமயப் பிரிவினர் இவ்வூர் வணிகத்தில் முன்னணிக்கு வந்தனர். அவர்களுள் கம்பளி வணிகர் எட்வர்ட் பீஸின் குடும்பம் முதன்மையானது. உட்பகுதிச் சுரங்கங்களின் நிலக்கரியை டீஸ் ஆற்றுத் துறைமுகமான ஸ்டாக்டனுக்கு மலிவாகக் கொண்டுசெல்வது எப்படி என்பதே அன்றைய கேள்வி. 1818இல் டார்லிங்டனைத் தொடாமல் வடக்கே ஒதுங்கிப்போகும் கால்வாய்த் திட்டம் ஒன்று எழுந்தது. அது நிறைவேறியிருந்தால் ஊர் ஓரங்கட்டப்பட்டிருக்கும். பீஸும் அவருடைய கூட்டாளிகளும் தங்கள் ஊர் வழியாகவே தண்டவாளம் போடலாம் என்று முன்வந்தனர். இந்த நகரின் வரலாற்றில் இதைவிடப் பெரிய முடிவு வேறில்லை.

முதல் மசோதா 1819இல் தோற்றது. பாதை தம் நரிவேட்டைக் காடுகளைக் குலைக்கும் என்று டார்லிங்டன் பிரபு எதிர்த்தார். தடத்தை மாற்றி மீண்டும் முயன்றபோது, 1821இல் நாடாளுமன்றம் இசைவு தந்தது. குதிரை இழுக்கும் வண்டிகளுக்காகத் திட்டமிட்ட பாதையில் நீராவி எஞ்சினை ஓட்டலாம் என்று பீஸை இணங்கவைத்தவர் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீவன்சன். 1825 செப்டம்பர் 27 அன்று 'லோகோமோஷன்' எஞ்சின், நிலக்கரியும் மாவும் சுமார் 600 மனிதர்களும் ஏறிய வேகன்களை ஷில்டனிலிருந்து டார்லிங்டன் வழியாக ஸ்டாக்டனுக்கு இழுத்துச் சென்றது. ஆயினும் 1833 வரை இப்பாதையில் பயணிகளை அன்றாடம் ஏற்றிச் சென்றவை குதிரை வண்டிகளே. எஞ்சின் சரக்குக்கே உழைத்தது. இக்னேஷியஸ் பொனோமி வடிவமைத்த ஸ்கெர்ன் பாலத்தில் இன்றும் ரயில்கள் ஓடுகின்றன.

1841இல் யார்க்கிலிருந்து வந்த பாதை, ஊரைத் தென்–வடல் பெருவழியிலும் சேர்த்தது. வடக்குச் சாலைப் பணிமனை 1863இல் திறக்கப்பட்டது. எஞ்சின் கட்டும் தொழில் ஊரின் உயிர்நாடியானது. அதே பத்தாண்டில் ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் வடிவமைத்த மூடுசந்தையும் மணிக்கூண்டும் எழுந்தன. இன்றைய முதன்மை நிலையமான பேங்க் டாப் 1887இல் திறக்கப்பட்டது. லண்டன்–எடின்பரோ விரைவு ரயில்கள் இங்கு நிற்கின்றன.

1965இல் ஏ1(எம்) புறவழி நெடுஞ்சாலை தொலைதூர வாகனங்களை ஊரிலிருந்து விலக்கியது. நகருக்குக் கிழக்கே பழைய விமானப்படைத் தளம் டீஸ்சைடு விமான நிலையமாயிற்று. 1966இல் பணிமனை மூடப்பட்டதுதான் பேரிழப்பு. தலைமுறைகளின் கைத்திறன் அதோடு சிதறியது. எனினும் அது முற்றாக அழியவில்லை: ஆர்வலர்கள் நிதி திரட்டி, 'டொர்னேடோ' என்ற புதிய நீராவி எஞ்சினை இவ்வூரிலேயே கட்டி 2008இல் ஓடவிட்டனர்.