பெல்லி நடனம்: உடற்பயிற்சி நோக்கில்

பெல்லி நடனம் என்பது எகிப்து, துருக்கி, லெபனான் முதலிய நாடுகளில் வளர்ந்த, பெரும்பாலும் ஒருவரே தனித்து ஆடும் நடன வடிவமாகும். இடுப்பு, வயிறு, மார்புக்கூடு, தோள் ஆகிய பகுதிகளை ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துத் தனித்தனியே இயக்கி, இசையின் ஏற்ற இறக்கங்களை உடலில் வெளிப்படுத்துவது இதன் அடிப்படை இலக்கணம். எகிப்தில் இதன் மேடை வடிவம் ‘ரக்ஸ் ஷர்கி’ என்றும், திருமண வீடுகளிலும் ஊர் விழாக்களிலும் மக்கள் ஆடும் வடிவம் ‘ரக்ஸ் பலதி’ என்றும் வழங்கப்படுகின்றன. 1970-களிலிருந்து அமெரிக்காவிலும் பின்னர் ஐரோப்பா, ஆஸ்திரேலியா, பிரேசில் முதலிய இடங்களிலும், மேடையேறும் எண்ணமில்லாத பலர் உடல்நலத்திற்காக இதைக் கற்கத் தொடங்கினர். தாவுதலும் குதித்தலும் இன்றி, உடலின் நடுப்பகுதித் தசைகளுக்கு நுட்பமான வேலை தருவது இதன் தனிச்சிறப்பு. இசையோடு கற்கும்போதே அந்தப் பயன் முழுமையாகக் கிடைக்கிறது.

வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டு எகிப்தில் இருவகைத் தொழில்முறைக் கலைஞர்கள் இருந்தனர். பாடலும் கவிதையும் கற்று, பெரும்பாலும் பெண்கள் கூடும் அவைகளில் நிகழ்த்தியவர்கள் ‘அவாலிம்’ எனவும், தெருக்களிலும் திருவிழாக்களிலும் ஆடியவர்கள் ‘கவாசி’ எனவும் அழைக்கப்பட்டனர். 1834-இல் எகிப்தின் ஆட்சியாளர் முகம்மது அலியின் அரசு பொது இடங்களில் ஆடிய பெண்களைக் கெய்ரோவிலிருந்து வெளியேற்றியதால், அவர்களில் பலர் எஸ்னா, கெனா போன்ற தென் எகிப்திய ஊர்களில் குடியேறினர். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில், கெய்ரோ நகரத் தெருவைப் போல அமைக்கப்பட்ட பகுதியில் இந்நடனம் இடம்பெற்று, அமெரிக்கப் பொதுமக்களிடையே பரபரப்பையும் கண்டனத்தையும் ஒருசேரக் கிளப்பியது.

1926-இல் நடனக் கலைஞர் பதியா மசப்னி கெய்ரோவில் தொடங்கிய இசை அரங்கு நடனத்தின் தோற்றத்தையே மாற்றியது. சிறிய இடத்தில் நின்று ஆடப்பட்ட நடனம் அங்கே அகன்ற மேடைக்கு ஏற்ப விரிந்தது. சுழற்சிகளும் மெல்லிய துகிலைக் கையாளும் முறையும் கைகளின் நீண்ட கோடுகளும் அதில் சேர்ந்தன. அவ்வரங்கில் வளர்ந்த தஹியா கரியோக்கா, சாமியா கமால் ஆகியோர் திரைப்படங்களின் வழியே அரபு உலகம் முழுவதும் அறியப்பட்டனர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் எகிப்தின் சார்பில் சீருடற்பயிற்சிப் போட்டியில் பங்கேற்ற மஹ்மூத் ரெதா 1959-இல் தம் பெயரிலேயே ஒரு நடனக் குழுவை நிறுவி, நாட்டுப்புற ஆட்டங்களை ஒழுங்குபடுத்தப்பட்ட பயிற்சி முறையோடு மேடைக்குக் கொண்டுவந்தார்.

பார்த்துப் பழகிய இந்நடனத்தை வகுப்பறையில் கற்பிப்பதற்கு அசைவுகளைப் பிரித்துப் பெயரிட வேண்டியிருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் கற்பித்த ஜமீலா சலிம்பூர் இத்துறையில் முன்னோடி. 1968-இல் ‘பால் அனத்’ என்னும் குழுவைத் தொடங்கிய அவர், தாம் கண்டறிந்த அசைவுகளைக் குடும்பங்களாக வகைப்படுத்தினார். விரல்களில் மாட்டி ஒலிக்கும் சிறு கைத்தாளங்களின் தாள அமைப்புகளையும் தொகுத்தார். பெண்கள் தம் உடல்நலத்தைத் தாமே பேணவேண்டும் என்ற சிந்தனை அமெரிக்காவில் வலுப்பெற்ற 1970-களில், இவ்வாறு பகுக்கப்பட்ட பாடத்திட்டங்கள் சமுதாயக் கூடங்களையும் உடற்பயிற்சி நிலையங்களையும் எளிதில் சென்றடைந்தன. பின்னர் வந்த ஒளிநாடாக்களும் குறுந்தகடுகளும் இதை வீட்டுப் பயிற்சியாக ஆக்கின.

அடிப்படை நிலை

பயிற்சி நிற்கும் முறையிலிருந்து தொடங்குகிறது. பாதங்கள் இடுப்பகலத்தில் இணையாகவும், முழங்கால்கள் இறுகாமல் சற்றே தளர்ந்தும், இடுப்பெலும்பு முன்னோ பின்னோ சாயாத நடுநிலையிலும் இருக்க வேண்டும். மார்பு உயர்ந்தும், தோள்கள் காதுகளை விட்டு இறங்கியும், தலை முதுகெலும்புக்கு நேர்மேலேயும் அமையும். கைகள் பக்கவாட்டில் உயர்த்தப்படும்போது முழங்கை தோளைவிடத் தாழ்ந்திருக்கும். இக்கைநிலையைச் சில நிமிடங்கள் விடாமல் வைத்திருப்பதே தோளுக்கும் மேல்முதுகுக்கும் போதிய வேலையாகும். முழங்காலை இறுக்கிப் பூட்டினால் இடுப்பின் அசைவு கீழ்முதுகின் மீது விழுந்து வலியை உண்டாக்கும் என்பதால், ஆசிரியர்கள் இந்நிலையை ஒவ்வொரு வகுப்பிலும் மீண்டும் மீண்டும் திருத்துகின்றனர்.

முதன்மை அசைவுகளும் தசைகளும்

இந்நடனத்தின் அசைவுகளைக் கூர்மையானவை, இழைவானவை, அதிர்வானவை என மூன்றாகப் பகுக்கலாம்.

கூர்மையான அசைவுகளுள் முதலாவது இடுப்பு இறக்கம். உடல் எடை முழுவதையும் ஒரு காலில் தாங்கி, மறு காலின் முன்பாதத்தை மட்டும் தரையில் ஊன்றி, அக்காலின் முழங்காலை நீட்டும்போது அப்பக்க இடுப்பு உயரும். முழங்காலை மடக்கியவுடன் தாளத்தோடு அது சட்டென்று இறங்கும். பார்ப்பவர் கண்ணுக்கு இடுப்பே ஆடுவதாகத் தோன்றினாலும், அசைவை இயக்குவது காலின் வேலைதான். எடை தாங்கும் காலில், நிற்கும்போது இடுப்பைச் சரியவிடாமல் காக்கும் பிட்டத்தின் பக்கத் தசை தொடர்ந்து உழைக்கிறது.

இழைவான அசைவுகளில் எட்டு வடிவம் முதன்மையானது. கிடைநிலையில் ஒரு பக்க இடுப்பு முன்னோக்கித் திரும்பி, வெளியே நகர்ந்து, பின்னால் வளைந்து மறுபக்கத்திற்கு வழிவிடுகிறது. ‘மாயா’ எனப்படும் நிலைக்குத்து வடிவத்தில் இடுப்பு மேலெழுந்து, பக்கவாட்டில் நீண்டு, கீழிறங்குகிறது. குதிகால் தரையை விட்டு எழாமல் இதைச் செய்யும்போது, விலாவின் சாய்வுத் தசைகளும், கடைசி விலா எலும்பை இடுப்பெலும்போடு இணைக்கும் ஆழ்ந்த முதுகுத் தசையும் மாறிமாறிச் சுருங்கி நீள்கின்றன. மார்பில் தொடங்கி வயிறு வழியே இடுப்பெலும்பு வரை இறங்கும் அலை, முதுகெலும்பின் ஒவ்வொரு பகுதியையும் வரிசையாக மடக்கி நிமிர்த்துகிறது. வயிற்றின் மேற்பகுதி, தொப்புள் பகுதி, அடிப்பகுதி ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளிழுத்து வெளிவிடும் வயிற்று உருட்டல், வயிற்று நேர்த்தசையைப் பகுதி பகுதியாக ஆளும் திறனைக் கோருவதால் நீண்ட பயிற்சிக்குப் பின்னரே கைவரும். அதைச் செய்யும்போது மூச்சை அடக்கக் கூடாது. வயிறு நிரம்பியிருக்கும் வேளையில் செய்யவும் கூடாது.

அதிர்வான அசைவு ‘ஷிம்மி’ எனப்படுகிறது. அதன் எளிய வகையில் இரு முழங்கால்களும் மிகச் சிறிய அளவில் மாறிமாறி மடங்கி நீள, இடுப்பு அதன் விளைவாகத் தானே அதிர்கிறது. வேகத்தைக் கூட்டும் ஆவலில் புதியவர்கள் வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கிக்கொள்ள, அதிர்வு நின்றுவிடுகிறது. மெதுவாகத் தொடங்கி, தசைகளைத் தளர்த்தியபடியே வேகம் ஏற்றுவதுதான் முறை. மூன்று நான்கு நிமிடங்கள் இடைவிடாமல் ஷிம்மி செய்தால் தொடையின் முன்புறத் தசைகள் சூடேறி, மூச்சு வாங்கத் தொடங்கும். வகுப்பில் இதயத் துடிப்பைக் கூடுதலாக உயர்த்தும் பகுதி இதுவே.

இடுப்பில் கட்டும் நாணயத் துகில் அழகுப்பொருளாக இருப்பதோடு, பயிற்சிக் கருவியாகவும் உதவுகிறது. வலப்பக்க இடுப்பு மட்டும் அசைந்தால் அப்பக்க நாணயங்கள் தெளிவாக ஒலிக்கும். உடல் முழுவதும் குலுங்கினால் ஒலி கலங்கிவிடும். கண்ணாடியைப் பாராமலேயே தன் அசைவு பிரிந்ததா கலந்ததா என்பதை மாணவர் செவியாலேயே அறிந்துகொள்கிறார்.

தாளமும் உழைப்பின் அளவும்

இந்நடனத்தின் தாளங்கள் தர்புக்கா எனப்படும் கோப்பை வடிவத் தோற்கருவியில் வாசிக்கப்படுகின்றன. நடுத்தோலில் எழும் கனத்த ஒலி ‘தும்’ என்றும், ஓரத்தில் எழும் கூரிய ஒலி ‘தக்’ என்றும் சொல்லப்படும். ‘மக்சூம்’ என்னும் தாளம் தும் – தக், தக் – தும் – தக் என அமைய, பலதி தாளம் இரண்டு ‘தும்’ ஒலிகளோடு தொடங்கிக் கனம் பெறுகிறது. இடுப்பின் இறக்கம் பெரும்பாலும் ‘தும்’ மீது விழும். ஊது, கானூன் என்னும் நரம்பிசைக் கருவிகள், ‘நாய்’ என்னும் குழல் போன்றவை தாளமின்றித் தனியே வாசிக்கும் ‘தக்சீம்’ பகுதியில் எட்டு வடிவங்களும் அலைகளும் மெதுவாக விரியும்.

இவ்வமைப்பு உடற்பயிற்சி நோக்கிலும் பொருளுடையது. மெதுவான பகுதியில் தசைகள் நீண்ட நேரம் கட்டுப்பாட்டோடு உழைக்கின்றன. தாளம் விரைந்ததும் தாங்குதிறன் சோதிக்கப்படுகிறது. மீண்டும் இசை தளரும்போது மூச்சு நிதானப்படுகிறது. பொருந்தாத விரைவிசையை ஒலிக்கவிட்டு அசைவுகளை எண்ணிக்கைக்காகச் செய்யும் வகுப்புகளில் இந்த இயல்பான ஏற்ற இறக்கம் மறைந்துபோகிறது.

ஆற்றல் செலவு

உடல் உழைப்பின் அளவைக் குறிக்க ‘மெட்’ என்னும் அலகு பயன்படுகிறது. சும்மா அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் 1 மெட். உடற்செயல்பாடுகளைத் தொகுத்துரைக்கும் 2011-ஆம் ஆண்டுப் பட்டியல், பெல்லி நடனத்தை உள்ளடக்கிய மரபு நடனங்களுக்கு 4.5 மெட் என மதிப்பிடுகிறது. இது ஏறத்தாழ விரைவு நடைக்கு ஒப்பான, மிதமான உழைப்பாகும். இந்த அளவில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் இடைவிடாது ஆடினால் சுமார் 270 கலோரி செலவாகும். விளக்கத்திற்கும் திருத்தத்திற்கும் நேரம் செல்லும் தொடக்க வகுப்பில் இது குறையும்.

வளர்ந்தோருக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாளேனும் தசை வலுவூட்டும் பயிற்சியும் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். வாரம் இருமுறை ஒரு மணி நேரம் ஆடுபவர் மிதமான உழைப்புக்கான குறைந்தபட்ச அளவின் பெரும்பகுதியை நிறைவு செய்கிறார். எனினும் எடைச்சுமையும் குதித்தலும் இந்நடனத்தில் குறைவாதலால், எலும்பு வலிமைக்கும் மேற்கை வலிமைக்கும் வேறு பயிற்சிகளைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

இந்நடனம் தொப்பையைக் கரைக்கும் என்னும் விளம்பரம் ஏற்கத்தக்கதன்று. எந்தத் தசையை அசைத்தாலும் அதன் மேலுள்ள கொழுப்பு மட்டும் தனியே குறைவதில்லை. உடல் முழுவதிலிருந்தும், உணவையும் மரபியல்பையும் ஒட்டியே கொழுப்பு குறைகிறது. உண்மையில் கிடைப்பவை நிமிர்ந்த நிலை, இடுப்பு மூட்டின் நெகிழ்வு, சமநிலை, நடுவுடல் தசைகளின் கட்டுப்பாடு ஆகியவை. நாளெல்லாம் நாற்காலியில் அமர்ந்து பணிபுரிபவரின் இறுகிய இடுப்புக்கும் அசைவற்ற முதுகுக்கும் இவை பெரிதும் உதவுகின்றன.

உளநலம்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வொன்று, பெல்லி நடனம் ஆடும் பெண்களையும் ஆடாத கல்லூரிப் பெண்களையும் ஒப்பிட்டு, ஆடுபவர்கள் தம் உடலைப் பற்றிக் கூடுதல் நிறைவு கொண்டிருந்ததைக் காட்டியது. ஒரே வேளையில் இரு குழுவினரை ஒப்பிட்ட ஆய்வாதலால், நடனமே அந்த நிறைவைத் தந்ததா, நிறைவுடையோர் நடனத்தை நாடினரா என்பதை அது தீர்மானிப்பதில்லை. பிரேசிலில் ஆய்வாளர்கள் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற பெண்களுக்குப் பன்னிரண்டு வாரப் பயிற்சி அளித்து, உடல் குறித்த எண்ணம் மேம்பட்டதையும் மனச்சோர்வு குறைந்ததையும் கண்டனர். அவ்வாய்வு சிறு குழுவினரிடம் நடந்தது. பருத்தவர், மெலிந்தவர், முதியவர் என எவ்வகை உடலுக்கும் இடமளிக்கும் மரபு இந்நடனத்திற்கு இருப்பது, உடற்பயிற்சி நிலையத்திற்குள் நுழையத் தயங்குவோரையும் இதன்பால் ஈர்க்கிறது.

பயிற்சி ஒழுங்கும் எச்சரிக்கைகளும்

ஒரு மணி நேர வகுப்பு பொதுவாகக் கணுக்கால், இடுப்பு, தோள் மூட்டுகளைச் சூடேற்றுவதில் தொடங்கி, தனி அசைவுகள், அவற்றை நடையோடு இணைத்தல், ஷிம்மி, சிறு தொடர்கள் எனச் சென்று, தசைகளை நீட்டித் தளர்த்துவதில் முடிகிறது. வழுக்காத மரத்தரையும், வெறுங்காலோ மென்காலணியோ போதுமானவை. வயிற்றைக் காட்டும் உடை கட்டாயமில்லை. இடுப்பின் கோடு தெரியுமளவுக்குப் பொருந்திய ஆடையின் மேல் துகிலைக் கட்டினால் போதும்.

முதுகெலும்பு வட்டு விலகியவர், எலும்பு மெலிவுடையவர், முழங்கால் தேய்மானம் உள்ளவர், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் ஆகியோர் மருத்துவரிடம் கேட்ட பின்னரே சேர வேண்டும். கருவுற்றவர்கள் மருத்துவர் இசைவோடு மெதுவான வட்டங்களையும் எட்டு வடிவங்களையும் செய்யலாம். வேகமான சுழற்சி, பின்வளைவு, கடுமையான வயிற்றுச் சுருக்கம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பேறுகாலத்திற்குப் பின் வயிற்று நேர்த்தசை விலகியிருப்பவர்கள் அது தேறும்வரை வயிற்று உருட்டலை ஒத்திவைக்க வேண்டும். நின்ற நிலையிலிருந்து பின்புறமாகத் தரையில் விழும் ‘துருக்கி விழுகை’ முழங்காலுக்கும் முதுகுக்கும் ஆபத்தானதாகையால், உடல்நலத்திற்காகக் கற்பவர்க்கு அது தேவையில்லை.

பண்பாட்டுச் சூழல்

இந்நடனம் அந்தப்புரத்தில் மன்னர்களை மகிழ்விக்கப் பிறந்தது என்னும் கதையும், பண்டைய மகப்பேற்றுச் சடங்கு என்னும் கதையும் பரவலாகச் சொல்லப்பட்டாலும், இரண்டுக்கும் உறுதியான சான்றில்லை. எகிப்தில் இன்றும் குடும்ப விழாக்களில் பெண்களும் ஆண்களும் சிறுவர்களும் பலதி ஆடுகின்றனர். அதே சமுதாயம் தொழில்முறை ஆடற்பெண்களைத் தாழ்வாகக் கருதும் வழக்கத்தையும் கொண்டிருக்கிறது. தென் எகிப்தின் ஆண்கள் தடிகொண்டு ஆடும் ‘தஹ்தீப்’ கலையை 2016-இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பெண்கள் ஆடும் தடி நடனம் அதன் அசைவுகளைத் தழுவியதே.

உடற்பயிற்சிக்காகக் கற்பவரும் இப்பின்னணியை அறிந்திருப்பது, அந்த நடனத்தை உருவாக்கிக் காத்தவர்களுக்குச் செய்யும் குறைந்தளவு மரியாதையாகும். நடைமுறையிலும் அது பயன் தருகிறது. தாளத்தின் பெயரும் அமைப்பும் தெரிந்தவருக்கு எந்த ஒலியில் இடுப்பை இறக்குவது, எங்கே தளர்த்துவது என்பது விளங்கிவிடுவதால், தேவையற்ற இறுக்கம் குறைந்து பயிற்சி நெடுநாள் நீடிக்கிறது. ஆகவே ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பவர், அவர் உடலமைப்பை அறிந்து நிலையைத் திருத்துபவரா என்பதோடு, அரபு இசையையும் கற்றுத் தருபவரா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.