முன்பாரம், பின்பாரம்

அறுகம்பே சீசனில் நம்ம ஊரால போற ஏ4 வீதியில் எப்பவாவது ஒரு வேன் கண்ணில் படும். உள்ளுக்குக் கட்டில், அடுப்பு, தண்ணித் தாங்கி. வீடே சில்லில ஓடுது. அந்த வேன்காரருக்கு இருக்கிற பெரிய தலையிடி, நம்ம வண்டில்காரருக்கு எப்பவோ பழகின விஷயம்: பாரத்தை எங்க வைக்கிறது?

இரண்டு சில்லு மாட்டு வண்டில் ஒரு தராசுதான். நெல் மூட்டை ஏற்றும்போது அச்சுக்கு முன்னால கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அமத்தும். அது முன்பாரம். பின்னுக்குக் கூடினால் நுகம் மேல கிளம்பி, கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். அது பின்பாரம். நுகம் கழுத்தில் அடங்கி நிற்கிற அளவுக்குக் கொஞ்சம் முன்பாரம் வேணும், அவ்வளவுதான். ஏற்றத்தில் பாரம் பின்னுக்குச் சாயும். வண்டில்காரர் முன்னுக்கு நகர்ந்து உட்காருவார். இறக்கத்தில் பின்னுக்குப் போவார். தன் உடம்பையே படிக்கல்லாக்கின ஆள் அவர்.

நாலு சில்லு வந்ததும் கணக்கு மாறியது. வளைவில் உள்பக்கச் சில்லு கூடுதலாகத் திரும்ப வேணும், இல்லாட்டி இழுபடும். மியூனிக்கில் வண்டி கட்டிய லாங்கென்ஸ்பெர்கர் 1817 அளவில் இதற்கு வழி கண்டார். அவருடைய முகவர் ஆக்கர்மன் 1818-ல் இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்தார். பெயர் முகவருக்கே போனது! 1885-ல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை வைத்தியர், ஊர் சுற்றவென்றே 'வாண்டரர்' என்ற வண்டி வீட்டைக் கட்டுவித்தார். கிட்டத்தட்ட 2 தொன். இழுத்தது இரண்டு குதிரை.

இன்றைய வேன் வீட்டுக்கும் அதே தராசுதான். முன், பின் அச்சுகளுக்கு இடையில் 3 மீட்டர் என்று வைப்போம். பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால 100 லீட்டர் தண்ணி, அதாவது 100 கிலோ வைத்தால், பின் அச்சில் 133 கிலோ கூடும். முன் அச்சில் 33 கிலோ குறையும். ஸ்டியரிங் லேசாகும், பிடி தளரும். வெறும் வேனில் வீல் அலைன்மென்ட் செய்துவிட்டு அலுமாரி, அடுப்பு எல்லாம் ஏற்றினால் ஸ்பிரிங் அமுங்கிக் கோணம் மாறலாம்; டயர் ஒரு ஓரம் மட்டும் தேயும். வழமையாக ஓடுகிற பாரத்தோடுதான் நேர் பார்க்க வேணும்.

ஆனா எங்கட பக்கத்தில வீடு சில்லில ஏறினது ஊர் பார்க்க இல்ல. 1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கியபோது கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் இடம்பெயர்ந்தார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் நெல் மூட்டை ஏற்றுவது லேசு. எல்லாம் ஒரே நிறை. வீடு அப்படியா? அரிசிப் பானை, தையல் மெசின், நடக்க ஏலாத கிழவி, ஆட்டுக்குட்டி. பெட்டியின் பின் நுனியில் ஆட்கள் கூடக்கூட, கொழுவுற இடம் மேல கிளம்பி, மெசினின் பெரிய சில்லு மணலில் சும்மா சுத்தும். அது வேறொன்றுமில்ல, பழைய பின்பாரந்தான்.

1924-ல் கல்லடிப் பாலம் திறந்ததை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. பாரம் ஏற்றினவர்களை யாரும் எழுதவில்லை. உங்கட அப்பப்பாவிடமோ மூத்தவாப்பாவிடமோ கேட்டுப் பாருங்க: அண்டைக்குப் பெட்டியில் எதை முன்னுக்கு வைத்தீங்க, எதைப் பின்னுக்கு, பாரம் கூடிப்போச்சு என்று எதை இறக்கி வைத்தீங்க?