உடலின் வெப்பம் உரைக்கும் செய்தி



குழந்தைக்கு உடம்பு சுட்டால், தாய் முதலில் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள். நோயறியும் கலையின் தொடக்கம் அதுவேயாகும். பண்டைய கிரேக்க மருத்துவர்கள் நோயாளியின் மேனியில் ஈரக் களிமண்ணைப் பூசி, அது முதலில் உலரும் இடத்தில் நோய் உள்ளதெனக் கணித்தார்கள் என்பர்.

கண்ணுக்குப் புலப்படாத வெப்பக் கதிர் ஒன்று உண்டென்பதை 1800-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்தார். சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடியால் பிரித்து, சிவப்பு நிறத்திற்கு அப்பால் வெறுமையான இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அது உயர்ந்தது. அகச்சிவப்புக் கதிர் எனப்படும் இதனை நம் உடலும் இடைவிடாது வெளியிடுகின்றது. மார்பகப் புற்றுக்கட்டியின் மேலுள்ள தோல் கூடுதல் வெப்பமுடையதாயிருப்பதை 1956-இல் கனடா மருத்துவர் ரே லாசன் எடுத்துரைத்தார். பின்னர் வெப்பப்படக் கருவிகள் மருத்துவமனைகளுக்குள் நுழைந்தன. எனினும், மார்பகப் புற்றுநோய்ச் சோதனையில் வெப்பப்படம் மேமோகிராம் சோதனைக்கு மாற்றாகாது என்பதைப் பெண்மக்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

நம் தமிழகத்திலும் இவ்வரலாற்றிற்கு ஓர் ஏடு உண்டு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய அறிஞர்கள், டாக்டர் வி. மோகன் முதலான சென்னை நீரிழிவு மருத்துவர்களோடு இணைந்து, சர்க்கரை நோயாளிகள் 112 பேரின் பாதங்களை வெப்பப்படம் எடுத்து 2010-இல் முடிவை வெளியிட்டனர். நரம்பு பாதிக்கப்பட்டோரின் பாதம் 32 முதல் 35 பாகை செல்சியசும், பாதிக்கப்படாதோரின் பாதம் 27 முதல் 30 பாகையும் இருக்கக் கண்டனர். இரத்தக் குழாய்களைச் சுருக்கும் நரம்பு செயலிழப்பதால் பாதத்தில் இரத்தம் மிகுந்து சூடேறுகின்றது. படக்கருவி உடலுக்குள் எக்கதிரையும் செலுத்துவதில்லை. உடல் தருவதையே வாங்கிக் காட்டுகின்றது.

பழவேற்காட்டு ஏரியில் வெறுங்காலோடு இறங்கி இறால் பிடிப்போர்க்கு இது ஏட்டுச் செய்தியன்று. உணர்விழந்த பாதத்தைச் சிப்பி ஓடு கிழித்தாலும் வலி தெரியாது. புண் புரையோடிக் கால் போனால், குடும்பத்தின் பிழைப்பும் போகும்.

அக்கருவி எல்லா ஊரிலும் கிடைப்பதன்று. ஆயினும் நாம் ஒவ்வொரு நாளும் உளூவில் கால் கழுவுகிறோம். சர்க்கரை நோயுள்ளோர் தண்ணீர் ஊற்றுமுன் இரு பாதங்களையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கட்டும். விரலிடுக்குகளையும் உற்று நோக்கட்டும். ஒரு பாதத்தின் ஓரிடம் மறு பாதத்தின் அதே இடத்தைவிட 2.2 பாகை மிகுந்திருப்பதைப் புண்ணுக்கு முன்னறிவிப்பாக மருத்துவர்கள் கொள்கின்றனர். ஆகவே வேறுபாடு தோன்றின் தாமதியாது மருத்துவரை அணுகுவோமாக.